கடைவாய் வெடித்தால்

வாய் ஓரம் வெடித்துவிட்டது என்று சொன்னால் நம் ஊரில் உடனே கிடைக்கிற பதில் "உடம்பு சூடு". அடுத்தது, "பி காம்ப்ளக்ஸ் வாங்கிப் போடு". என் அம்மாவுக்கு இரண்டு கடைவாயும் வெடித்து, இட்லியைக்கூடக் கிள்ளிக் கிள்ளி உள்ளே தள்ள வேண்டியிருந்த நாட்களில் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் இந்த இரண்டையும் சொன்னார்கள். இளநீர் கொடுத்தோம், மாத்திரையும் கொடுத்தோம். புண் கொஞ்சம் ஆறும், மறுபடி வெடிக்கும். ரசம் பட்டால் "உசுரு போகுதுடி" என்பாள். அம்மாவைப் பார்த்துக்கொண்டதிலும், பிற்பாடு எனக்கே வந்தபோதும் தெரிந்துகொண்டவற்றை எழுதுகிறேன். எங்களைப் போல மாதக்கணக்கில் யாரும் வலியோடு சாப்பிட வேண்டாம்.

முதலில் தெரிய வேண்டியது இதுதான். உதட்டின் நடுவில் வரும் வெடிப்பு வறட்சியால் வருவது. கடைவாய் வெடிப்பு பெரும்பாலும் ஈரத்தால் வருவது. வாயின் மூலையில் இருக்கும் மடிப்பில் எச்சில் தேங்குகிறது. தோல் ஊறி வெளுத்து, பிளந்துவிடுகிறது. அந்தப் பிளவில் கேண்டிடா என்னும் பூஞ்சையோ, ஸ்டாபிலோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவோ, இரண்டுமோ குடியேறுகின்றன. தண்ணீரிலேயே நின்று வேலை செய்கிறவர்களுக்கு கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் வருமே, கிட்டத்தட்ட அதே கதைதான். எரிகிறதே என்று நாக்கால் தடவத் தடவ இன்னும் ஈரம், இன்னும் வெடிப்பு.

அம்மாவின் புண்ணுக்குக் காரணத்தைக் கண்டுபிடித்தவர் ஒரு பல் மருத்துவர். கடைவாயைச் சற்றுநேரம்தான் பார்த்தார். "செட்டைக் கழட்டுங்கம்மா" என்றார். மேல் அண்ணத்தில், பல்செட் உட்காரும் இடம் முழுக்க செக்கச்செவேலென்று இருந்தது. அங்கே அம்மாவுக்கு வலியே கிடையாது. அதனால் எங்கள் யாருக்கும் தெரியவில்லை. ராத்திரியும் பகலும் செட்டைப் போட்டே இருந்தாள். பூஞ்சை அந்தப் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது, வெளியே எத்தனை களிம்பு போட்டாலும் உள்ளேயிருந்து திரும்பத் திரும்ப வருகிறது என்று விளக்கினார். இன்னொன்றும் சொன்னார். பல் போன பிறகு தாடை எலும்பு வருஷத்துக்கு வருஷம் தேய்கிறது. பழைய செட் தளர்ந்து, கீழ்த்தாடை அளவுக்கு மேல் ஏறி மூடிக்கொள்கிறது. அப்போது கடைவாயில் ஆழமான மடிப்பு விழுந்து எச்சில் அங்கே வழிந்து தேங்கும். புதுச் செட் செய்ய வேண்டும், அல்லது இருப்பதன் உட்புறத்தைத் திருத்த வேண்டும்.

செட்டை ராத்திரியில் கழற்றிவைக்கச் சொன்னதுதான் அம்மாவுக்குப் பெரிய கஷ்டமாகிவிட்டது. "பேரப்புள்ளைங்க முன்னாடி பொக்கை வாயோட எப்படிடி இருக்கிறது?" என்று கண் கலங்கினாள். வயதானவர்களின் இந்தக் கூச்சத்தை நாம் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பிள்ளைகள் தூங்கி விளக்கை அணைத்த பிறகு கழற்றுவது, காலையில் அவர்கள் எழுவதற்கு முன் போட்டுக்கொள்வது என்று ஏற்பாடு செய்தோம். கழற்றியதை மிருதுவான பிரஷ்ஷாலும் சாதாரண சோப்பாலும் தேய்த்து, நன்றாக அலசி, மூடிபோட்ட டப்பாவில் பச்சைத் தண்ணீரில் போட்டுவைக்க வேண்டும். கொதிக்கிற தண்ணீர் கூடாது, செட்டின் வடிவமே மாறிவிடும்.

பூஞ்சைக்கு மருத்துவர் க்ளோட்ரிமசோல் களிம்பு எழுதிக்கொடுத்தார். சிலருக்கு மைக்கோனசோல் கொடுப்பார்கள். அது பூஞ்சையோடு சிலவகை பாக்டீரியாவையும் கொல்லும். ஆனால் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் மைக்கோனசோல் வாய் ஜெல்லைத் தாங்களாக வாங்கிப் பயன்படுத்தக் கூடாது. ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடலாம். புண்ணின் மேல் தேன் நிறத்தில் பொருக்குக் கட்டியிருந்தால் பாக்டீரியாவின் கை ஓங்கியிருக்கிறது என்று பொருள். அதற்கு ஃபியூசிடிக் அமிலம், முபிரோசின் போன்ற வேறு களிம்பு வேண்டும். எது என்பதை மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

களிம்பு எது என்பதைப் போலவே எப்படிப் போடுகிறோம் என்பதும் முக்கியம். சாப்பிட்டு வாய் கொப்பளித்ததும் கடைவாயைத் தேய்க்காமல், மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி ஈரத்தை எடுக்க வேண்டும். வாயைக் கொஞ்சம் திறந்தபடி, மடிப்பின் உள்ளே படுமாறு மெல்லிசாக மருந்து. அது தோலில் இறங்கியபின் மேலே வாசலின் ஒரு பூச்சு. இந்த வாசலின் எச்சில் தோலில் படாமல் தடுக்கும் வேலி. சாப்பிட உட்காருவதற்கு முன்பும் படுக்கப் போகும் முன்பும் கட்டாயம் தடவுவோம், ஏனென்றால் தூக்கத்தில்தான் எச்சில் அதிகம் வழிகிறது. ஆறிவிட்டதுபோலத் தெரிந்தவுடன் மருந்தை நிறுத்தினால் பூஞ்சை திரும்பிவிடும். மருத்துவர் சொன்ன நாள்வரை போட்டே ஆக வேண்டும். அம்மாவின் துண்டையும் தனியாக வைத்தோம்.

அம்மாவுக்குச் சர்க்கரை வேறு இருந்தது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்குப் பூஞ்சை சுலபமாகப் பற்றும். சர்க்கரைக்காகப் பல ஆண்டுகள் மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையலாம். அந்தக் குறையும் கடைவாயில் காட்டும். ஆகவே அடிக்கடி வெடிக்கிறது என்றால் சர்க்கரை, ஹீமோகுளோபின், உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12 ஆகிய ரத்தப் பரிசோதனைகளைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

பி காம்ப்ளக்ஸ் சொன்னவர்களிடமும் நியாயம் இருக்கிறது. அந்தச் சொல் நம்மிடம் சும்மா வந்ததல்ல. 1930களில் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் ஆய்க்ராய்டு என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் தென்னிந்தியப் பிள்ளைகளின் வாய்ப்புண்ணை அவர்கள் சாப்பாட்டோடு சேர்த்து ஆராய்ந்தார்கள். பாலும் பருப்பும் எட்டாத, வெறும் தீட்டிய அரிசிச் சோற்றில் வளர்ந்த பிள்ளைகளின் காலம் அது. பின்னாளில் ஹைதராபாத்துக்குப் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது அந்த ஆய்வுக்கூடம்தான். அமெரிக்காவில் செப்ரல், பட்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ரைபோஃப்ளேவின், அதாவது பி2 குறைந்தால் கடைவாய் வெடிக்கும் என்று 1938இல் எழுதினார்கள். பால், தயிர், முட்டை, ஈரல், கீரை இவற்றில் பி2 இருக்கிறது. வெளிச்சம் பட்டால் அழிந்துவிடும் சத்து அது. பாலை வெயிலில் வைக்கக் கூடாது. ஆனால் பி2 குறைவு இல்லாதவருக்கு மாத்திரை புண்ணை ஆற்றாது. அம்மாவுக்கு அதுதான் நடந்தது.

எனக்கு வந்தபோது பல்லும் சரி, சர்க்கரையும் சரி. இரும்புச்சத்துதான் அடிமட்டத்தில் இருந்தது. மாதவிலக்கில் ரத்தம் அதிகம் போகிற எந்தப் பெண்ணும் கடைவாய் வெடித்தால் இதைச் சந்தேகிக்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! களைப்பையும் மூச்சிரைப்பையும் "வேலை ஜாஸ்தி" என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். வாய் ஓரம் எரிந்தால்தான் கண்ணாடியில் பார்க்கிறோம். மருத்துவர் கொடுத்த இரும்பு மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு சாப்பிட்டேன். சாப்பிட்ட கையோடு குடிக்கிற காபியை இரண்டு மணி நேரம் தள்ளிப்போட்டேன். காபியும் டீயும் இரும்பை உடம்பில் ஏறவிடாது. வெடிப்பு ஆறிய பிறகும் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றார்கள். உடம்பின் இருப்பு நிரம்ப மாதங்கள் ஆகும்.

பிள்ளைகளுக்கு வாயைச் சுற்றி வட்டமாகச் சிவந்து பொரிந்தால் உதட்டை நக்கும் பழக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். திட்டினால் நக்குவது கூடும். சட்டைப்பையில் சின்ன வாசலின் டப்பா கொடுத்து, நாக்கு போகும்போதெல்லாம் அதைத் தடவச் சொல்வது பலன் தரும். மெந்தால், கற்பூரம் கலந்த உதட்டுப் பூச்சு வேண்டாம். குளிர்ச்சியாக இருந்தாலும் புண்பட்ட தோலை அது மேலும் உறுத்தும். புதினா, பட்டை வாசனைப் பற்பசைகூடச் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

வீட்டு வைத்தியத்தில் வெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தடவுவதில் எனக்கு மறுப்பில்லை. இரண்டும் வேலியாக நின்று எரிச்சலைக் குறைக்கும், பூஞ்சையை ஒழித்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது. மணத்தக்காளிக் கீரை நல்ல சாப்பாடு, சாப்பிடுங்கள். எலுமிச்சை, உப்பு, பற்பசை, சுண்ணாம்பு இவற்றைப் பிளந்த தோலில் வைப்பது கொடுமை. அதைவிடக் கெடுதல், மருந்துக்கடையில் "முகத்துக்கு ஒரு ஆயின்மென்ட் கொடுங்க" என்று கேட்டு வாங்கும் வீரியமான ஸ்டீராய்டு கலவைகள். இரண்டு நாளில் சிவப்பு மறையும். தொடர்ந்து போட்டால் வாயைச் சுற்றிப் பொடிப்பொடியாகப் பொரி கிளம்பும். நிறுத்தினால் இன்னும் கூடும். மருத்துவரே கொஞ்ச நாளைக்கு மிதமான ஸ்டீராய்டு சேர்த்து எழுதுவது வேறு விஷயம்.

இரண்டு வாரம் ஒழுங்காகப் பார்த்தும் ஆறாவிட்டால் தோல் மருத்துவரிடம் போக வேண்டும். நீர்க்கொப்புளங்கள் கொத்தாக வந்தால் அது ஹெர்பிஸ் வைரஸாக இருக்கலாம், அதற்கு மருந்தே வேறு. ஒரு பக்கம் மட்டும் ஆறாமல், தொட்டால் கெட்டியாக இருந்தால், முக்கியமாக வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்களுக்கு, களிம்பு போட்டுப் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். அது புற்றுநோயா என்று சோதித்தாக வேண்டும். அரசு மருத்துவமனைப் பல் பிரிவிலேயே காட்டலாம். அந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள்.