படம் உறைந்தது ஏன்?

தியாகதுருகத்தில் எங்கள் வீட்டு மாடியில் ‘டி.டி. ஃப்ரீ டிஷ்’ குடை ஒன்று உண்டு. 2004-இல் தூர்தர்ஷன் தொடங்கிய இச்சேவைக்கு மாதக் கட்டணம் கிடையாது. சென்ற ஐப்பசி மழையில் படம் கட்டம் கட்டமாகச் சிதறி, உறைந்து நின்றது. மழை விட்டும் சரியாகவில்லை. பழுது பார்க்க வந்தவர், “பெட்டி போச்சு, புதுசு வாங்குங்க” என்றார். பாட்டி தம் முதியோர் உதவித்தொகையை எடுத்து நீட்டிவிட்டார்!

அக்காவும் நானும் சும்மா இருப்போமா? ரிமோட்டில் சிக்னல் பக்கத்தைத் திறந்தோம். ‘வலிமை’ நிறைய இருந்தது, ‘தரம்’ பூஜ்யம். அப்படியானால் பெட்டியும், ஒயரும், குடையின் முன்னுள்ள எல்.என்.பி.யும் பெரும்பாலும் நலமே. குடைக்குத்தான் செயற்கைக்கோள் தெரியவில்லை.

அந்த ஜிசாட்-15, கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில், சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. நம் ஊரிலிருந்து தென்கிழக்கே, ஏறத்தாழ 68 பாகை அண்ணாந்து பார்க்க வேண்டும். பார்த்தோம். மாடிமேல் சாய்ந்த எங்கள் தென்னையின் கீற்றுகள்! மூன்று சென்டிமீட்டருக்கும் குறைந்த நீளமுள்ள அவ்வலைகளை ஈரக் கீற்று விழுங்கிவிடும். (பழைய ஆன்டெனாவில் புள்ளி புள்ளியாகவாவது படம் தெரியுமாம். டிஜிட்டலில் ஓர் அளவுக்குக் கீழே ஒன்றுமே இல்லை.)

அப்பா குடையைத் தள்ளி வைத்து மெல்லத் திருப்ப, நாங்கள் கீழிருந்து ‘தரம்’ எண்ணைக் கூவினோம். பாட்டியின் பணம் சுருக்குப் பைக்குள் திரும்பிப் போயிற்று.