ஈறு நோய்க்கு மாத்திரை மட்டும் போதுமா?

பல் துலக்கும்போது இரத்தம் கசிதல், வாய் நாற்றம், பல் ஆட்டம் ஆகியவை நாட்பட்ட ஈறு நோயின் அறிகுறிகள். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி உட்கொண்டால் சில நாட்களில் வீக்கம் தணியலாம். நோய் நீங்கிவிட்டது என்று எண்ணிவிடுவது இயல்பே. ஆனால் வலியின்றியே நோய் தொடர்ந்து, பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்துகொண்டிருக்கும். இழந்த எலும்பு முழுமையாக மீள்வது அரிது.

இதற்குக் காரணம் உண்டு. கிருமிகள் பல்லின் வேரில் படலமாக ஒட்டி வாழ்கின்றன. அப்படலம் நாளடைவில் இறுகிக் காரையாகிறது. மாத்திரையால் காரையை அகற்ற முடியாது; படலத்தினுள்ளும் மருந்து எளிதில் ஊடுருவாது. ஆகவே, காரையைச் சுரண்டி அகற்றி வேரைத் தூய்மை செய்வதே முதன்மைச் சிகிச்சை. ஏனையவை அதற்குத் துணை மட்டுமே.

நுண்ணுயிர்க்கொல்லிகள்: அமாக்சிசிலின், மெட்ரோனிடசோல் ஆகிய இரண்டும் சேர்ந்து, இளம் வயதிலேயே நோய் பரவலாகவும் கடுமையாகவும் தாக்கிய சிலருக்குத் தூய்மைச் சிகிச்சையுடன் தரப்படுகின்றன. எல்லோருக்கும் வழக்கமாகத் தருவது முறையன்று. தேவையின்றி உட்கொண்டால் கிருமிகள் மருந்தை எதிர்க்கப் பழகிவிடும். மெட்ரோனிடசோல் உட்கொள்ளும் நாட்களில் மது அறவே கூடாது.

குறைந்த அளவு டாக்சிசைக்ளின்: 20 மில்லிகிராம் அளவில் நாளொன்றுக்கு இருமுறை, சில மாதங்கள் தரப்படும் இம்மருந்து கிருமியைக் கொல்வதில்லை, ஈற்றுத் திசுவைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கிறது. இதனால் சிறு நன்மை உண்டு என 2015-இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் கருதியது. 2020-இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டுதலோ இதனைப் பரிந்துரைக்கவில்லை. கர்ப்பிணிகளுக்கு இது ஏற்றதன்று.

வாய் கொப்பளிக்கும் மருந்து: குளோர்ஹெக்சிடின் குறுகிய காலத்திற்கு உதவும். நீண்ட நாள் பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறை படியும். நாவின் சுவையும் மாறும்.

சத்து மாத்திரைகள்: வைட்டமின் சி குறைந்தால் ஈறு வீங்கி இரத்தம் கசியும் என்பது உண்மை. நெல்லிக்காய், கொய்யா போன்ற உணவுகளே அக்குறையைப் போக்க வல்லவை. குறைபாடு இல்லாதவர் கூடுதலாக உட்கொள்வதால் ஈறு நோய் குணமாகாது. ஒமேகா-3, புரோபயாடிக் ஆகியவற்றையும் அதே ஐரோப்பிய வழிகாட்டுதல் ஏற்கவில்லை. மீன் எண்ணெய் மாத்திரை உட்கொள்வோர், இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தும் எடுத்துவந்தால் மருத்துவரிடம் அவசியம் கூற வேண்டும்.

ஆலங்குச்சியும் வேப்பங்குச்சியும் நம் முன்னோர் பல் துலக்கக் கையாண்டவை. அவை மேற்பரப்பைத் துலக்கும். ஈற்றுக்கு அடியில் உள்ள காரையை எட்டா.

கல்லிடைக்குறிச்சி வட்டாரத்தில் பீடித் தொழிலும் வெற்றிலையுடன் புகையிலை மெல்லும் பழக்கமும் அறிமுகமானவை. புகைப்பவரின் ஈற்றில் இரத்தக் கசிவு குறைந்து தோன்றுவதால் நோய் மறைந்திருக்கும். சிகிச்சையின் பலனும் குறையும். எந்தச் சத்து மாத்திரையையும் விட, புகையிலையைக் கைவிடுவதே பெரிய துணைச் சிகிச்சை.

நீரிழிவு உள்ளவர்கள் இரட்டிப்புக் கவனம் கொள்ளல் வேண்டும். சர்க்கரை மிகுந்தால் ஈறு கெடும். ஈற்று நோய்க்குச் சிகிச்சை பெற்றால் மூன்று மாத சராசரிச் சர்க்கரை அளவு (எச்பிஏ1சி) ஏறத்தாழ 0.4 சதவீதப் புள்ளி குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

பல் மருத்துவரிடம் வரும்போது, உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளையும் நாட்டு மருந்துகளையும் உடன் கொண்டு வாருங்கள். இரத்த அழுத்தத்திற்கான அம்லோடிபின், வலிப்புக்கான பெனிடாயின் போன்றவை ஈற்றை வீங்கச் செய்யக்கூடும். எனினும், அவற்றை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்.

முதியவருக்குத் துணையிருப்போர், அவரால் இயலாதபோது நாளும் இருமுறை பல் துலக்கி விடுங்கள். சிகிச்சை முடிந்த பின்னும் மருத்துவர் குறிக்கும் இடைவெளியில், பொதுவாக மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை, பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள்.