தேடுவோர் சொல்லும் தேடுகருவியும்

ஒரு துறைமுகத்தின் பெருமை அதன் ஆழத்தினால் மட்டும் அமைவதன்று. ஆழமுள்ள நீருக்குக் கப்பலை வழிப்படுத்தும் மிதவையும் விளக்கும் இல்லையாயின், உலகம் புகழும் இயற்கைத் துறைமுகமும் மாலுமிக்குப் பயன்படாது. உட்துறைமுகத்தின் அயலில் வாழும் நமக்கு இவ்வுண்மையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. இக்காலத்து வாணிக நிலையங்களின் இணையத்தளங்களுக்கும் இது பொருந்தும். ஆயிரம் பொருள்களை அங்கே அடுக்கி வைத்தாலும், வேண்டியவர் வேண்டியதைக் கண்டடையாராயின், அப்பொருள் இருந்தும் இல்லாததே ஆகும். கண்டடைவதற்கு உதவுவது தேடுகருவி. அக்கருவியை வாடிக்கையாளரின் கருத்தைக் கொண்டு எவ்வாறு திருத்தலாம் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

தேடுகருவி தொழிற்படும் முறை

நல்ல நூல்களின் இறுதியிற் சொல்லடைவு ஒன்று இருப்பதை மாணவர் அறிவர். ஒரு சொல்லையும் அது வரும் பக்கங்களின் எண்களையும் அதிற் காணலாம். தேடுகருவியும் இத்தகைய அடைவு ஒன்றையே முதலில் ஆக்கிக்கொள்கிறது. நாம் ஒரு சொல்லைத் தட்டெழுதியவுடன் கணினி தளம் முழுவதையும் படிப்பதில்லை; தான் முன்னரே ஆக்கிவைத்த அடைவைப் புரட்டி, அச்சொல் வரும் பக்கங்களை எடுத்து, ஏற்றதென்று தான் கருதும் ஒழுங்கிலே நிரைப்படுத்தித் தருகிறது.

அவ்வொழுங்கை வகுப்பதில் ஒரு நுட்பம் உண்டு. எல்லாப் பக்கங்களிலும் வரும் சொல்லைவிடச் சில பக்கங்களில் மட்டும் வரும் சொல்லுக்கே மதிப்பு மிகுதி. ‘நல்ல நங்கூரம்’ என்று ஒருவர் தேடினால், ‘நல்ல’ என்பது எங்கும் உண்டு; ‘நங்கூரம்’ என்பதே அவருடைய கருத்தைக் காட்டுவது. இக்கொள்கையை 1972இல் தெளிவுபடுத்தியவர் கேம்பிரிட்ஜில் ஆராய்ந்த கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்னும் அறிஞர்.

எனினும், இந்த எளிய முறையில் இயங்கும் கருவி ஒப்பிடுவது எழுத்துகளையே, பொருளை அன்று. எழுத்து ஒவ்வாதவிடத்துப் பொருள் ஒத்திருந்தாலும் அதற்குத் தெரியாது. சொற்களின் பொருளுறவை ஓரளவு உணரத்தக்க புதிய கருவிகள் இன்று வந்துள்ளன. ஆயினும், ஓர் ஊருக்கும் ஒரு தொழிலுக்கும் உரிய வழக்குச் சொற்களை அவையும் கற்றறிதல் வேண்டும்.

ஒரு பொருளும் பல சொல்லும்

இடர் எங்கே தோன்றுகிறது? பொருளுக்குப் பெயரிடுவோர் ஒருவர். அதனைத் தேடுவோர் வேறொருவர். 1987இல் அமெரிக்க ஆய்வாளர் நால்வர், பர்னாஸ், லாண்டவர், கோமஸ், டுமே என்போர், இதனை அளந்து காட்டினர். ஒரு பொருளுக்கு இருவர் தாமாகத் தெரிந்தெடுக்கும் பெயர் ஒன்றாகவே அமையும் வாய்ப்பு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு என்பது அவர்கள் கண்ட முடிபு. ஆகவே, தேடுவோர் தவறு செய்கிறார் என்று கொள்வது முறையன்று. வேறுபடுதலே மக்கள் வழக்கின் இயல்பு.

நம் துறைமுகப் பகுதியில் மீன்பிடிக் கருவிகளும் கட்டடப் பொருள்களும் விற்கும் ஒரு கம்பனி இணையத்தளம் அமைத்துள்ளதென வைத்துக்கொள்வோம். பொருட்பட்டியலில் ‘ஒற்றையிழை நைலோன் நூல்’ என்று எழுதியிருப்பர். தூண்டிற்காரர் ‘தங்கூசி’ என்று தேடுவார். பட்டியலில் ‘உயிர்காப்பு அங்கி’ என்றிருக்கும். படகோட்டி ‘லைஃப் ஜக்கெற்’ என்பார். நாம் ‘சீமெந்து’ என்போம்; தமிழகத்து நூல்களையும் இதழ்களையும் படித்துப் பழகியவர் ‘சிமெண்ட்’ என்று எழுதுவார். ‘மின்கலம்’ என்பதைத் தேடுவோர் சிலர். ‘பற்றரி’ என்பதைத் தேடுவோர் பலர். இவற்றையெல்லாம் உரோம எழுத்திலே தட்டெழுதுவோரும் உளர். சிங்களத்தில் எழுதுவோரும் உளர்.

ஒரு சொல்லுக்கு இரு பொருள் இருத்தலும் உண்டு. கிழக்கிலங்கையிற் ‘பாதை’ என்பது வழியையும் குறிக்கும். நீர்ப்பரப்பைக் கடக்க உதவும் மிதவைக் கலத்தையும் குறிக்கும். 2009இற் பாலம் திறக்கப்படும் வரையில் கிண்ணியாவுக்குப் பாதையேறிச் சென்றவர்களுக்கு இது நன்கு தெரியும். வெளியூரில் இருந்து கருவியை அமைப்பவருக்கு இது தெரியாது.

ஊர்ப்பெயரும் இவ்வாறே. திருக்கோணமலை, திருகோணமலை, திருமலை என்னும் பெயர்களை நாம் வேறுபாடின்றி வழங்குகிறோம். பாளி நூல்களிற் கோகண்ண என்னும் பெயர் வழங்குகிறது. ஆங்கில வழக்கிலே டிரிங்கோமலி என்பதும், அதன் குறுக்கமாகிய டிரிங்கோ என்பதும் உள்ளன. இவை யாவும் ஓரூரே என்று யாரேனும் சொல்லிக் கொடுத்தாலன்றிக் கணினி அறியமாட்டாது.

தமிழுக்குரிய இடர்கள்

தமிழ்ச் சொல் வேற்றுமையுருபும் பன்மை விகுதியும் ஏற்று வடிவம் மாறும். வலை, வலைகள், வலையை, வலைக்கு என்பன நமக்கு ஒரு சொல்லின் விரிவுகள். எளிய கருவிக்கு நான்கு தனிச்சொற்கள். இதற்கு மாற்றாகச் சிலர், எழுத்துத் தொடர் எங்கிருந்தாலும் எடுத்துத் தரும்படி கருவியை அமைப்பர். அப்போது ‘வலை’ தேடியவருக்குக் ‘கவலை’யும் சேர்ந்து கிடைக்கும். ஆகவே, விகுதியை நீக்கிப் பகுதியைக் காணும் இலக்கண அறிவு கருவிக்கு ஊட்டப்படல் வேண்டும். நன்னூல் படித்த மாணவர் கணினித்துறையிலும் வேண்டப்படுகின்றார் என்பதற்கு இஃது ஒரு சான்று.

எழுத்துக் குறியீட்டிலும் இடர் உண்டு. உலகப் பொதுக் குறியீட்டு முறையாகிய யுனிகோடில், 1991இல் வெளிவந்த முதற் பதிப்பிலேயே, தமிழ் இடம்பெற்றது. எனினும் பாமினி முதலிய பழைய எழுத்துருக்களால் ஆக்கப்பட்ட பக்கங்கள் கண்ணுக்குத் தமிழாகத் தோன்றினும், கணினிக்கு உரோம எழுத்துகளாகவே உள்ளன. அவற்றுள் தமிழ்ச்சொல்லைத் தேடினால் ஒன்றும் அகப்படாது. யுனிகோடிலும், ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். நம் கல்லூரிப் பெயரின் முன்னே நிற்கும் ‘ஸ்ரீ’ என்னும் எழுத்தும் இருவேறு குறியீட்டுத் தொடர்களால் எழுதப்படுகிறது. அச்சில் வேறுபாடு தோன்றாது. தேடும்போது ஒன்று கிடைக்கும், மற்றொன்று கிடைக்காது. ஆதலின், அடைவை ஆக்கும்போதும் தேடுஞ்சொல்லைப் பெறும்போதும் எல்லாவற்றையும் ஒரே வடிவுக்கு மாற்றிக்கொள்ளல் முதற்கடமையாகும்.

வாடிக்கையாளர் தரும் கருத்து

இவ்விடர்களையெல்லாம் அமைப்பாளர் தம் அறையிலிருந்தே எண்ணிக் கண்டுவிட முடியாது. தேடுவோரே ஆசிரியர், அமைப்பாளர் மாணவர். இக்கருத்துப் புதியதன்று. சீர்காழியிற் பிறந்து, கணித ஆசிரியராயிருந்து, 1924இற் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகிய சீ. இரா. அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரத்தை வீணாக்காது காக்க வேண்டும் என்பதாகும். நூலகம் நூல்களுக்காக அமைவதன்று, வாசகர்க்காக அமைவது என்னும் நோக்கமே அதன் உயிர்நிலை.

வாடிக்கையாளரின் கருத்து இருவகைப்படும்: சொல்லிய கருத்து, சொல்லாத கருத்து. கடிதம், தொலைபேசி, தளத்திலுள்ள கருத்துப்படிவம், கடைமேசையிற் கேட்கும் கேள்வி என்பன சொல்லிய கருத்து. இது தெளிவானது, ஆயினும் அருமையாகவே கிடைப்பது. தேடியது அகப்படாத பெரும்பாலோர் முறையிடுவதில்லை. வாளா விலகி வேறு கடைக்குச் செல்வர். அவர்கள் விட்டுச்செல்லும் சுவடே சொல்லாத கருத்து. எந்தச் சொல்லுக்கு விடை ஒன்றுமே கிடைக்கவில்லை? எந்தச் சொல்லுக்குப் பின் அவர் வேறொரு சொல்லை எழுதினார்? எப்போது தேடலைக் கைவிட்டார்? தேடுகருவியின் பதிவேட்டில் இவை தங்கும். ‘தங்கூசி’ என்று எழுதி விடை காணாதவர் அடுத்து ‘நைலோன் நூல்’ என்று எழுதி வாங்கினாராயின், அவ்விரு சொல்லும் ஒரு பொருளன என்பதை அவரே நமக்குக் கற்பித்துவிட்டார்.

தேடுவோர் தெரிந்தெடுப்பதைக் கொண்டு தேடலைத் திருத்தும் முறை 1960களிலேயே ஆராயப்பட்டது. ஜெராட் சால்ற்றன் நடத்திய ‘ஸ்மார்ட்’ ஆய்வில் ரொக்கியோ என்பவர் இதனைக் கணித வடிவில் அமைத்தார். ஏற்றதென வாசகர் குறித்த பக்கங்களின் சொற்களுக்கு மதிப்பைக் கூட்டுதலும், ஏலாதென்றவற்றின் சொற்களுக்குக் குறைத்தலும் அதன் சாரம்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். பலர் அழுத்திய விடையே சிறந்த விடை என்று முடிவுகட்டலாகாது. மேலே நிற்பதை மக்கள் முதலில் அழுத்துவர். அழுத்தியதனால் அது மேலும் மேலேறும். சந்தையின் வாயிலிலுள்ள கடைக்குக் கூட்டம் மிகுதல் அதன் சரக்கின் சிறப்பினால் மட்டும் அன்று. ஆகையால், அழுத்திய பின் அங்கே தங்கினாரா, வாங்கினாரா, உடனே திரும்பினாரா என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

திருத்தும் முறை

வாரந்தோறும் விடை கிடையாத சொற்களைத் தொகுத்து, மிகுதியாக வந்ததை முதலில் வைத்து, நான்காக வகுத்தல் நன்று. எழுத்து வேறுபாட்டினாலும் பிழையினாலும் தவறியவை ஒருவகை. இவற்றுக்கு எழுத்துவிதி அமைக்க வேண்டும். ஒருபொருட் பன்மொழியாகத் தவறியவை இரண்டாம் வகை. இவற்றை ஒத்தசொற் பட்டியலிற் சேர்க்க வேண்டும். பொருள் இருந்தும் அதன் விவரம் குறைவாக எழுதப்பட்டமையாற் கிட்டாதவை மூன்றாம் வகை. இங்கே திருத்த வேண்டியது கருவியை அன்று, பட்டியலை. கடையிலே பொருளே இல்லாதவை நான்காம் வகை; இது கொள்முதல் செய்வோருக்குக் கிடைத்த நற்செய்தி. நான்கையும் ஒன்றாகக் கருதி ஒரே மருந்து இடுவதனாலேயே பல முயற்சிகள் வீணாகின்றன.

எழுத்துப் பிழையைப் பொறுக்கும் விதி அளவுக்கு மிஞ்சலாகாது. ஒலியொத்த பெயர்களை ஒரே குறியில் அடக்கும் ஒரு முறைக்கு 1918இலேயே அமெரிக்காவிற் புத்தாக்க உரிமை வழங்கப்பட்டது. அத்தகைய முறையைத் தமிழுக்கு ஆராயாது புகுத்தினால் நேர்வது என்ன? கன்னியாவையும் கிண்ணியாவையும் எண்ணிப் பாருங்கள். முன்னையது நகருக்கு வடமேற்கே வெந்நீர்க் கிணறுகள் உள்ள இடம். பின்னையது துறைமுகத்துக்குத் தெற்கே நீருக்கு அப்பாலுள்ள ஊர். ன, ண வேறுபாட்டையும் உயிர்க்குறி வேறுபாட்டையும் பொறுத்தருளும் கருவி, வெந்நீராடச் செல்பவரைக் கிண்ணியாவுக்கு அனுப்பிவிடும். சீமெந்து மூடையையும் ஊர்மாறி இறக்கும். இத்தகைய இடங்களிற் கருவி தானே முடிவு செய்யாது, எதனைக் கருதினீர் என்று வினவுதல் வேண்டும்.

திருத்தம் பயன்பட்டதா என்பதை அளந்தே அறிதல் வேண்டும். இங்கிலாந்திலே கிரான்பீல்ட் வானூர்திக் கல்லூரி நூலகராயிருந்த சிரில் கிளெவர்டன் 1950களின் இறுதியிலும் 1960களிலும் நடத்திய சோதனைகள் இதற்கு வழிகாட்டின. சில வினாக்களையும் அவற்றுக்குரிய சரியான விடைகளையும் முன்னரே வகுத்து வைத்து, ஒவ்வொரு முறையையும் அவ்வினாக்களாலேயே சோதித்தல் அவர் வழி. இரண்டு அளவுகள் இங்கே முக்கியம். கிடைத்தவற்றுள் எத்தனை ஏற்றவை என்பது துல்லியம். ஏற்றவற்றுள் எத்தனை கிடைத்தன என்பது நிறைவு. கண் சிறிதான வலை எல்லா மீனையும் வாரும், குப்பையையும் வாரும். கண் பெரிதான வலையில் குப்பை இராது, மீனும் தப்பும். சிறிய கம்பனியும் நூறு வினாக்களை எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு திருத்தத்துக்கும் முன்னும் பின்னும் சோதித்தல் இயலும்.

எல்லைகளும் கடமைகளும்

தேடுஞ்சொல் ஒருவருடைய மனத்தின் சாளரம். 2006இல் ஏஓஎல் என்னும் அமெரிக்கக் கம்பனி, ஏறத்தாழ 650,000 பேருடைய 2 கோடித் தேடல்களை ஆராய்ச்சிக்கென்று வெளியிட்டது. பெயர்களை நீக்கி எண்களையே இட்டிருந்தும், தேடிய சொற்களைக் கொண்டே ஒருவர் இன்னார் என்பதைச் செய்தியாளர் கண்டறிந்துவிட்டனர். யாவரும் யாவரையும் அறிந்த நமது சிறுநகரில் இந்த அபாயம் இன்னும் பெரிது. ஆகவே சொற்களைக் கற்க வேண்டும், ஆளைத் தொடரலாகாது. வேண்டிய காலத்துக்கு மேல் பதிவேட்டை வைத்திருத்தலும் தகாது.

இலாபம் மிகுந்த பொருளை முன்னே தள்ளுவதற்குக் கருத்துச் சேகரிப்பை ஒரு போர்வையாகக் கொள்வதும் முறையன்று. வாடிக்கையாளர் தேடியது ஒன்று, கடை காட்டியது வேறொன்று என்றால், இரண்டாம் முறை அவர் வாரார். உரக்க முறையிடும் ஒருவருக்காக, பேசாத நூறு பேரின் வழியை மறிப்பதும் அவ்வாறே.

இவை யாவற்றுக்கும் அடிப்படையான வினா ஒன்று உண்டு: யாருடைய சொல்லுக்குக் கதவு திறக்கிறது? அலுவலகத் தமிழ் தெரிந்தவருக்கு மட்டும் திறக்கும் கருவி, மூதூர் மீனவருக்கும் கிண்ணியா வணிகருக்கும் தம்பலகாமத்து உழவருக்கும் மூடிய கதவாகும். கலைச்சொல் தேவையில்லை என்பது நம் கருத்தன்று. 1930களிலே தமிழிற் கலைச்சொல்லாக்கத்துக்காக உழைத்த விபுலாநந்த அடிகளை நன்றியோடு நினைக்கும் மரபினர் நாம். கலைச்சொல்லும் வழக்குச்சொல்லும் ஒன்றையொன்று அறிந்திருத்தல் வேண்டும் என்பதே நாம் கூறுவது.

இப்பணி கடைக்கு மட்டும் உரியதன்று. ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவிற் பேணுதற்கு 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ போன்ற முயற்சிகளிலும், பழைய இதழ்களைத் தேடுவோருக்கு இதே சொல் வேறுபாடு குறுக்கிடக்கூடியதே. மாணவர் துறைமுகத் தொழில்களிலும் மீன்பிடியிலும் வேளாண்மையிலும் வழங்கும் சொற்களைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் நேரான கலைச்சொல்லையும் சிங்கள, ஆங்கிலச் சொற்களையும் குறித்து ஓர் அகராதி ஆக்குவார்களாயின், அது வணிகருக்கும் நூலகத்தாருக்கும் ஒருங்கே பயன்படும். பழைய மாணவருட் கணினித்துறையில் உள்ளோர் அதனைக் கருவியிற் பொருத்தலாம். தொழில் செய்வோர் சொற்களை வழங்கலாம். ஆசிரியர் பிழை நோக்கலாம். விழா ஆண்டிலே நம் கல்லூரிச் சமூகம் மேற்கொள்ளத்தக்க பணிகளுள் இதுவும் ஒன்றாகுக.