மே மாதச் சம்பளம் எப்போது வந்தது?

தனியார் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலைக்கு நேர்காணலா? வாசல் வளைவையும் ஏசி அரங்கத்தையும் பார்த்து மயங்காதீர்கள். அங்கே வேலை பார்க்கும் ஒருவரைப் பிடித்து, போன மே மாதச் சம்பளம் எந்தத் தேதியில் ஏறியது என்று கேளுங்கள்.

கல்லூரிக்குக் கையில் காசு புரள்வது சேர்க்கைக் காலத்தில். கல்வியாண்டின் கடைசியில் இழுபறிதான். முதல் பட்டதாரி சலுகை, ஆதிதிராவிடர் மாணவர் உதவித்தொகை, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களின் கட்டணம் எல்லாம் அரசிடமிருந்து வரவேண்டியவை; தாமதமானால் சமாளித்தாக வேண்டும். சேமிப்பை எடுத்துச் சமாளிக்கிறார்களா, ஆசிரியர் சம்பளத்தை நிறுத்திச் சமாளிக்கிறார்களா என்பது மே மாதத்தில் தெரிந்துவிடும். 2020 ஊரடங்கில் எத்தனையோ கல்லூரிகள் பாதிச் சம்பளத்துக்கு இறங்கின. அப்போதும் முழுதாகக் கொடுத்த இடமென்றால், கட்டடம் சுமாராக இருந்தாலும் தாராளமாகச் சேரலாம்.

அடுத்து, உங்கள் துறையில் மூன்று ஆண்டுகளாக எத்தனை இடம் நிரம்பியது என்று பாருங்கள். கல்லூரியின் மொத்தக் கணக்கு உதவாது. நன்றாக நடக்கும் கல்லூரிகளுக்கு இடங்களின் உச்சவரம்பை ஏஐசிடிஇ 2024-25 முதல் நீக்கிவிட்டது. பெரிய கல்லூரிகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் வகுப்புகளைப் பெருக்க, சின்னக் கல்லூரிகளில் சிவில், மெக்கானிக்கல் காலியாகின்றன. மெக்கானிக்கல்காரரைப் பைத்தான் எடுக்கச் சொல்வார்கள். அதில் தவறில்லை, பயிற்சிச் செலவு யாருடையது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

'அட்மிஷன் டார்கெட்' உண்டென்றால் யோசியுங்கள். கோடை வெயிலில் பிளஸ் டூ மாணவர் வீடுகளின் கதவைத் தட்டுவதும் வேலைதான் என்றால், அதைப் பணி ஆணையில் எழுதித் தரட்டுமே. தரமாட்டார்கள்.

அசல் சான்றிதழைக் கேட்டால், சரிபார்த்ததும் கையோடு திரும்ப வாங்கிவிடுங்கள். சான்றிதழைக் காட்டித்தான் ஆளைப் பிடித்து வைக்கவேண்டும் என்றால் அந்த நிர்வாகத்துக்குத் தன்மேலேயே நம்பிக்கை இல்லை. விலகும்போது விடுவிப்பு ஆணையும் முக்கியம்; இல்லாவிட்டால் உங்கள் பெயர் பழைய கல்லூரியின் பட்டியலிலேயே தொடரலாம். ஒரே ஆசிரியர் பெயர் பல கல்லூரிப் பட்டியல்களில் இருந்ததை 2024-ல் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் அம்பலப்படுத்தியது நினைவிருக்கும்.

பிஎஃப் பாஸ்புக்கில் மாதாமாதம் பணம் ஏறுகிறதா என்று பழைய ஆசிரியர்களிடம் கேளுங்கள். ஆசிரியர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்ற 2009-ம் ஆண்டுச் சட்டத் திருத்தம் செல்லும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பணிக்கொடைக்குத் தேவையான ஐந்தாண்டு நெருங்கும்போது ராஜினாமா வாங்கிக்கொண்டு புதிதாகச் சேர்க்கும் வழக்கம் அங்கே உண்டா என்பதையும் விசாரித்துவிடுங்கள்.