உழவர் நிறுவனத்திற்குத் தக்க அலுவலரைத் தேடும் முறை

அமராவதி நகரைச் சுற்றியுள்ள தென்னை உழவர்கள் முந்நூறு பேர் சேர்ந்து உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றைப் பதிவு செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பங்குத்தொகை சேர்ந்துவிட்டது, கொப்பரை உலர்த்தக் களமும் பேசியாயிற்று. நிறுவனத்தை நடத்துவது யார்? நம்மில் ஒருவரே பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் தோன்றும். சட்டம் அதற்கு இடம் தரவில்லை. முழுநேரத் தலைமைச் செயல் அலுவலர் ஒருவரை இயக்குநர் குழு நியமித்தல் வேண்டும். அவர் நிறுவனத்தின் உறுப்பினராக இருத்தல் கூடாது. ஆகவே வெளியாள் ஒருவரைத் தேடியே ஆகவேண்டும்.

திருப்பூரில் பனியன் கம்பெனி வாசல்களில் ‘டெய்லர் தேவை, செக்கிங் ஆட்கள் தேவை’ என்று அட்டை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வேலைக்கு அது போதும். வேலை தேடுபவர் அதே தெருவில் நடக்கிறார். கணக்கும் சந்தையும் வங்கிக் கடனும் அறிந்த வேளாண் பட்டதாரி அத்தெருவில் நடப்பதில்லை. அவர் கோவையிலோ பெங்களூரிலோ வேறொரு வேலையில் இருக்கிறார். தேடுவது நாம்தான்.

இதற்கு உதவுவது லிங்க்ட்இன் என்னும் இணையதளம். 2003-இல் தொடங்கப்பட்ட இதில் ஒவ்வொருவரும் தம் படிப்பு, வேலை, அனுபவம் ஆகியவற்றைப் பதிந்து வைக்கின்றனர். கணக்குத் தொடங்கக் கட்டணம் இல்லை. இயக்குநர் ஒருவர் தம் பெயரில் கணக்குத் தொடங்கி, பின் நிறுவனத்துக்கென ஒரு பக்கம் அமைக்கலாம். கல்லூரியில் படிக்கும் மகளோ மகனோ வீட்டில் இருந்தால் ஒரு மாலை வேலைதான்.

நெருங்கிய உறவினரைவிட அறிமுகக்காரர் வழியாகவே வேலைச் செய்தி அதிகம் பரவுகிறது என்று 1973-இல் மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் எழுதினார். நம் மைத்துனர் அறிந்தவர்களை நாமும் அறிவோம். என்றோ ஒருமுறை பேசிய தேங்காய் வியாபாரி அறிந்தவர்கள் வேறு. லிங்க்ட்இன் பயனாளிகள் சுமார் 2 கோடிப் பேரிடம் நடத்தி 2022-இல் வெளியான ஆய்வும் இதை ஓரளவு உறுதி செய்தது; ஆனால் அறிமுகம் மிகவும் மெலிந்துவிட்டாலும் பயன் குறைகிறதாம். எனவே முன்பின் அறியாத ஆயிரம் பேரைச் சேர்ப்பதைவிட, பயிற்சிக்கு வந்த அலுவலர், உரக்கடைக்காரரின் மகன், ஊரிலிருந்து படித்து வெளியேறியவர்கள் ஆகியோரை முதலில் இணைத்துக்கொள்ளுங்கள்.

என்ன எழுதுவது என்பதில்தான் பலர் தவறுகின்றனர். ‘திறமையானவர் தேவை’ என்ற ஒற்றை வரிக்கு யாரும் மறுமொழி எழுதமாட்டார்கள். உறுப்பினர் எத்தனை பேர், மாதம் எத்தனை டன் கொப்பரை வருகிறது, இப்போது என்ன விலைக்குப் போகிறது, எங்கே இழப்பு நேர்கிறது என்பவற்றை எழுதுங்கள். களத்தின் படம் ஒன்று சேருங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுவது நலம். குறையை மறைக்க வேண்டாம். தீர்க்க வேண்டிய சிக்கல் ஒன்று இருப்பதே நல்ல இளைஞரை இழுக்கும்.

ஊதியத்தையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். 2020-இல் தொடங்கிய 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில், செயல் அலுவலர் ஊதியத்துக்கு மாதம் ரூ. 25,000 வரை உதவி வகுக்கப்பட்டது. நிறுவனத்துக்கான நிர்வாக உதவிக் காலம் 3 ஆண்டுகள். நான்காம் ஆண்டு ஊதியம் எங்கிருந்து வரும் என்று விண்ணப்பிப்பவர் கட்டாயம் கேட்பார். இயக்குநர் குழு அதற்கு விடை வைத்திருத்தல் வேண்டும். விடை இல்லாத நிறுவனங்களில்தான், உதவி நின்றதும் அலுவலரும் போய்விடுகிறார்.

விண்ணப்பித்தவர் முன்பு பணிபுரிந்த இடத்துக்குத் தொலைபேசியில் பேசி விசாரியுங்கள். விண்ணப்பத்துக்கென்று பணம் வாங்காதீர்கள். ஆதார் எண்ணைப் பொதுப்பக்கத்தில் இடச் சொல்லாதீர்கள். இருவர் மூவரைத் தேர்ந்தபின், ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் கொப்பரை ஏலம் நடக்கும் நாளில் வரச்சொல்லி, ஏலத்தையும் நிறுவனத்தின் கணக்கேட்டையும் காட்டி, அன்று மாலையே களத்தில் அமர்ந்து பேசுங்கள்.