கைதட்டலே தாளமாக

கேள்வி: திருநங்கைகள் மட்டுமே சேர்ந்து பாடி ஆடும் பாப் இசைக்குழு நம் நாட்டில் உண்டா?
– வாசகர், குப்பம்

பதில்: அப்படி ஒரு குழு உருவானதுண்டு. பெயர் 'சிக்ஸ் பேக் பேண்ட்'. ஆஷா, பவிகா, சாந்தினி, ஃபிதா, கோமல், ரவீணா என்று ஆறு பேர். யஷ்ராஜ் பட நிறுவனத்தின் இளைஞர் பிரிவான ஒய் ஃபிலிம்ஸ், புரூக் பாண்ட் ரெட் லேபிள் தேயிலையோடு கைகோத்து 2016 ஜனவரியில் மும்பையில் இக்குழுவை அறிமுகப்படுத்தியது. இசைப் பொறுப்பு ஷமீர் டாண்டனுடையது.

ஃபாரல் வில்லியம்ஸின் 'ஹேப்பி' பாடலை இந்தியில் மாற்றிப் பாடியதுதான் முதல் வெளியீடு. தெருவில் கேட்டதும் பலர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் திருநங்கைகளின் அதே கைதட்டல், அங்கே துள்ளலான தாளமானது. அடுத்த பாடலில் சோனு நிகம் உடன் பாடினார். அதே ஆண்டு கேன்ஸ் லயன்ஸ் விளம்பர விழாவில், பாலினப் பாகுபாட்டை எதிர்க்கும் ஆக்கங்களுக்கான கிளாஸ் லயன் பிரிவின் உச்ச விருது இம்முயற்சிக்குக் கிடைத்தது.

தேயிலை விளம்பரம்தானே என்று கேட்கலாம். விளம்பரம்தான். ஆனால், மூன்றாம் பாலினத்தை உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரலில் அங்கீகரித்து இரண்டு ஆண்டுகள்கூட ஆகாத நிலையில், திருநங்கைகளைக் கேலிப்பொருளாக்கியே பழகிய திரையுலகிலிருந்து இப்படியொரு குழு வந்தது பெரிய விஷயம். தமிழ் மேடையிலும் திருநங்கையான மதுரை நர்த்தகி நடராஜ் பரதத்தால் நெடுங்காலமாகவே தலைநிமிர்ந்து நிற்கிறார். 2019-ல் பத்மஸ்ரீ பெற்றார். அவருடைய நடன நிகழ்ச்சியையும் வாய்ப்புக் கிடைத்தால் தவறாமல் பாருங்கள்.