புகையிரதப் பெட்டி வடிவில் ஒரு படிப்புக் குடில்
– கைக்கருவிகளால் கட்டும் முறை –

எமது கிராமங்களில் பல வீடுகளில் பிள்ளைகள் படிப்பதற்கென்று ஓர் இடம் இல்லை. ஒரே அறைக்குள் சமையலும் உறக்கமும் படிப்பும் நடைபெறுகின்றன. பரீட்சைக் காலத்தில் பிள்ளை புத்தகத்தை எடுத்துக்கொண்டு மரநிழலைத் தேடிப் போகின்றது. மழை வந்தால் அதுவும் இல்லை. இத்தேவைக்கு நான்கைந்து குடும்பங்கள், அல்லது ஒரு சனசமூக நிலையத்தின் இளைஞர்கள், ஒன்றுசேர்ந்து கட்டக்கூடிய ஒரு குடிலைப் பற்றி இப்பாடத்தில் படிப்போம். அதன் வடிவம் நாம் எல்லோரும் அறிந்தது: புகையிரதப் பெட்டி, எமது பேச்சில் கோச்சிப் பெட்டி.

இது வெறும் அழகுக்காகத் தெரிவுசெய்த வடிவம் அன்று. பிள்ளைகளுக்கு இதில் ஒரு கவர்ச்சி உண்டு என்பது உண்மையே. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990 யூன் மாதத்தில் யாழ்ப்பாணத்துக்கு வருவதை நிறுத்தியது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. 2014 ஒக்ரோபரில் மீண்டும் புகையிரதம் யாழ்ப்பாணம் வந்தபோது, அதைச் சொந்த ஊரில் ஒருநாளும் கண்டிராத ஒரு தலைமுறை வளர்ந்து முடிந்திருந்தது. ஆயினும் நாம் இவ்வடிவத்தை எடுத்துக்கொள்வதற்கு முக்கிய காரணம் வேறு.

1. வீடும் வண்டியும்

மண் வீடோ கல் வீடோ தன் பாரத்தால் நிற்கின்றது. சுவர் கனமானது, எளிதில் அசையாது. மரப் பெட்டி அவ்வாறு நிற்க முடியாது. அது ஓடும், குலுங்கும், வளைவில் சாயும், நிறுத்தும்போது முன்னே தள்ளப்படும். அதைக் காப்பாற்றுவது பாரம் அன்று, பொருத்துக்கள். கீழே ஒரு சட்டகம், அதில் ஊன்றிய கால்கள், கால்களின் மேல் நீள வளை, வளையின் மேல் வளைந்த கூரைக் கட்டைகள் என எல்லாம் ஒன்றோடொன்று கட்டுண்டு ஒரே கூடாகின்றன.

மரத்தால் ஒரு சிறு குடிலைக் கட்டுபவர்கள் பெரும்பாலும் வீட்டைப் பார்த்தே கட்டுகிறார்கள். பாரமற்ற குடிலைப் பாரமான வீட்டைப்போல் நிறுத்தினால் முதலாவது பெருங்காற்று அதன் கூரையைக் கொண்டுபோய்விடும். 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் பறந்த கூரைகளை அங்குள்ள முதியோர் இன்றும் மறக்கவில்லை. எனவே புகையிரதப் பெட்டியின் முகத்தை அல்ல, அதன் எலும்பை நாம் பின்பற்ற வேண்டும். இப்பாடத்தின் சாரம் இதுவே.

இங்கிலாந்தில் முதலாம் உலகப்போரின் பின் கழிக்கப்பட்ட பழைய மரப் பெட்டிகளை மலிவாக வாங்கி, டஞ்சனெஸ் என்னும் கடற்கரைக்கு இழுத்துச் சென்று வீடாக்கியவர்கள் இருந்தார்கள். கடற்காற்று ஓயாது வீசும் கூழாங்கல் வெளி அது. அவ்விடத்தில் அப்பெட்டிகள் வீடாக நிலைத்தமைக்கு அவற்றின் எலும்பே துணை.

2. அளவும் இடமும்

நீளம் 16 அடி, அகலம் 8 அடி. தளத்திலிருந்து மேல் வளை வரை 7 அடி. கூரையின் நடு உச்சி அதற்கு மேல் 1 அடி. நீளத்தை 4 அடி கொண்ட நான்கு பங்குகளாகப் பிரித்தால் ஒவ்வொரு பக்கமும் ஐந்து கால்கள் வரும்.

குடிலின் நீளம் கிழக்கு மேற்காக அமையட்டும். காலை வெயிலும் மாலை வெயிலும் ஒடுங்கிய இரு முனைகளில் மட்டுமே படும். யன்னல்கள் வடக்கையும் தெற்கையும் பார்ப்பதால் கச்சானும் வாடையும் ஒரு பக்கத்தால் நுழைந்து மறுபக்கத்தால் வெளியேறும். தென்னைக்குக் கீழே கட்ட வேண்டாம். தேங்காயும் மட்டையும் தகரத்தை நெளித்துவிடும்.

3. அத்திவாரமும் கீழ்ச் சட்டகமும்

பக்கத்துக்கு ஐந்தாகப் பத்து கொங்கிறீற் தூண்கள் வேண்டும். ஒவ்வொன்றும் 1 அடிச் சதுரம்; நிலத்துக்குள் 2 அடி, நிலத்துக்கு மேல் 1½ அடி. இத்தகைய தூண் ஒன்று ஏறக்குறைய 240 கிலோ நிறையுடையது. பத்துத் தூண்களும் சேர்ந்து 2,000 கிலோவுக்கு மேல். குடில் பறக்காமல் பிடித்துவைப்பது இந்த நிறையே. ஆகவே தூணுக்குள் இரும்புப் பட்டையை வார்க்கும்போதே பதித்து, அதன் நுனியை மேலே விட்டுவைக்க வேண்டும். பிறகு ஆணியடித்துச் சமாளிக்க முடியாது.

தூணின் தலையில் நாகமுலாம் பூசிய தகரத் தொப்பி ஒன்றை, விளிம்புகள் கீழ்நோக்கிச் சரிந்திருக்குமாறு, வைக்க வேண்டும். பட்டை தகரத்தை ஊடறுக்கும் இடத்தைத் தாரால் அடைக்கவும். கறையான் கண்ணுக்குத் தெரியாமல் ஏறுவதை இது தடுக்கும். சுற்றி ஏறினால் அதன் மண்பாதை வெளியே தெரியும். மாதம் ஒருமுறை குனிந்து பார்ப்பது பிள்ளைகளின் கடமையாகட்டும்.

தூண்களின் மேல் பக்கத்துக்கொன்றாக இரண்டு நீளத் தீராந்திகள். இவற்றுக்குப் பனை மிக ஏற்றது. வைரமேறிய முதிர்ந்த மரமாக இருக்க வேண்டும். பலா, பெண் பனை போன்றவற்றைத் தறிப்பதற்குச் சட்டப்படி அனுமதி பெற வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். தீராந்திகளுக்குக் குறுக்கே 6 அங்குலம் × 2 அங்குலம் கொண்ட மரங்களை 16 அங்குலத்துக்கு ஒன்றாக, மொத்தம் 13, அடுக்கி அவற்றின் மேல் ஓர் அங்குலத் தளப்பலகை அடிக்கலாம்.

4. வளைவு: ஒரு கணக்கும் ஒரு கயிறும்

கூரையின் வளைவைக் கண்மதிப்பால் வரையக் கூடாது. கணக்கு இலகுவானது. அகலத்தின் பாதி 4 அடி. அதன் வர்க்கம் 16. உச்சியின் உயரம் 1 அடி. அதன் வர்க்கம் 1. இரண்டின் கூட்டுத்தொகை 17. இதை உயரத்தின் இருமடங்காகிய 2ஆல் வகுத்தால் 8½. வட்டத்தின் ஆரை 8½ அடி. பாடசாலையில் கேத்திரகணிதம் எதற்கு என்று கேட்கும் பிள்ளையை இவ்வேளையில் அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக அடித்த தளப்பலகையிலேயே வரையலாம். ஒரு முனையில் ஆணி அடித்து, 8½ அடிக் கயிற்றின் நுனியில் பென்சிலைக் கட்டி, மறுமுனைப் பக்கம் வில்லாக இழுக்க வேண்டும். இழுபடும் கயிறு ஆகாது. மெல்லிய கம்பி நல்லது. தளத்தின் அகலம் 8 அடியே. கட்டையின் நீளம் அதைவிடக் கூடியது. ஆதலால் இருபுறமும் தற்காலிகமாகப் பலகை அடித்து நீட்டிக்கொள்ளவும். வரைந்த கோட்டின் வழியே அடிக்கு ஒன்றாகச் சிறு மரக்கட்டைகளை உறுதியாக அடித்தால் எமது அச்சு தயார்.

புகையிரதப் பெட்டிக்குத் தாழ்வாரம் கிடையாது. எமது மாரிமழைக்கு அது இல்லாமல் முடியாது. ஆகவே வளைவை இரு பக்கமும் சுவருக்கு வெளியே ஓரடி நீட்டுகிறோம். அப்போது வளைவின் முழு நீளம் 10 அடி 8 அங்குலத்துக்குச் சற்று மேல் வரும். 11 அடி மரம் வேண்டும்.

5. கூரைக் கட்டைகள் செய்தல்

கனமான மரத்தை இந்த வளைவுக்கு வளைத்தால் முறியும். வளைவாக வெட்டினால் நார் அறுந்து பலம் போகும். எனவே மெல்லிய பட்டிகளை அடுக்கி ஒட்டுகிறோம். பட்டி ஒன்று 2 அங்குல அகலம், கால் அங்குலத் தடிப்பு. எட்டுப் பட்டிகள் சேர்ந்தால் 2 அங்குலக் கட்டை. 2 அடிக்கு ஒன்றாக ஒன்பது கட்டைகளும் 72 பட்டிகளும் தேவை. இத்தனையையும் கைவாளால் கிழிப்பது வீண் சிரமம். மரக்காலையிலேயே அறுத்துப் பெறுங்கள். நேரான நாரும் கணு இன்மையும் முக்கியம். தேக்கு, மஹோகனி நல்லவை. பனை தீராந்திக்குச் சிறந்தது; மெல்லிய பட்டியாக வளைக்க ஏற்றதன்று.

அ. அச்சின் மேல் பழைய பொலித்தீன் விரியுங்கள். இல்லாவிட்டால் கட்டை தளத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

ஆ. பட்டிகளின் முகங்களில் ஈரத்தைத் தாங்கும் மரப்பசையைச் சீராகப் பூசி எட்டையும் அடுக்குங்கள்.

இ. நடுவிலிருந்து தொடங்கி இரு முனைகளை நோக்கி இறுக்கிக்கொண்டு போங்கள். முனையிலிருந்து தொடங்கினால் நடுவில் இடைவெளி விழும். இறுக்கிகள் போதாவிட்டால் வெளிப்பக்கம் இன்னொரு வரிசைக் கட்டைகளை அடித்து, இடையில் ஆப்பு இறுக்கலாம்.

ஈ. ஒருநாள் முழுவதும் விட்டுவையுங்கள். ஒரு நாளுக்கு ஒன்றாக ஒன்பது கட்டைக்கு ஒன்பது நாட்கள். மாலையில் ஒரு மணித்தியாலம் இளைஞர்கள் கூடினால் போதும்.

11 அடிப் பட்டி கிடைக்காவிட்டால் இரு துண்டுகளாக இடலாம். ஆனால் ஒரு அடுக்கின் பொருத்தும் அடுத்த அடுக்கின் பொருத்தும் குறைந்தது 2 அடி விலகியிருக்க வேண்டும். அச்சிலிருந்து எடுத்ததும் கட்டை மிகச் சிறிது நிமிரும். எல்லாம் ஒரே அளவாக நிமிர்வதால் பாதகமில்லை. ஒவ்வொன்றையும் முதலாவதன் மேல் வைத்து ஒப்பிட்டு இலக்கமிடுங்கள். முதலாவது சரியாயின் மற்ற எட்டும் சரி.

6. கூட்டைக் கட்டுதல்

கால்கள் 4 அங்குலம் × 3 அங்குலம். தூக்குக்குண்டு பார்த்து நிறுத்தி, தலைகளில் மேல் வளையைப் பொருத்திய பின், நான்கு மூலைகளிலும் சாய்வு மரம் அடிக்க வேண்டும். சுவர்ப்பலகை அடித்தால் சாய்வு மரம் தேவையில்லை என்பார்கள். அதை ஏற்க வேண்டாம்.

கூரைக் கட்டைகள் பாரம் ஏறும்போது சுவர்களை வெளியே தள்ளும். அதைத் தடுக்க ஒவ்வொரு சோடிக் காலிலும் 7 அடி உயரத்தில் ஒரு குறுக்கு மரம் வேண்டும். அதன் மேல் ஓரமாகச் சலாகைகளை அடித்தால் கோச்சியில் உள்ளது போன்ற சாமான் தட்டு கிடைக்கும். புத்தகப் பைகளை வைக்கலாம்.

இப்போது இரும்புப் பட்டைகளை எண்ணிப் பாருங்கள்: தூணிலிருந்து தீராந்திக்கு, தீராந்தியிலிருந்து காலுக்கு, காலிலிருந்து மேல் வளைக்கு, மேல் வளையிலிருந்து கூரைக் கட்டைக்கு. இந்த நான்கில் ஒன்று விடுபட்டாலும் மற்ற மூன்றினால் பயனில்லை. காற்று அந்த ஓர் இடத்தைத்தான் தேடும்.

7. கூரை, சுவர், யன்னல்

கட்டைகளின் மேல் அரை அங்குலப் பலகைகளை நீளவாக்கில், இரு முனையிலும் ஓரடி வெளியே நீள, 18 அடிக்கு அடிக்க வேண்டும். பழைய பெட்டிகளில் இப்பலகையின் மேல் தடித்த கன்வஸ் துணியை இழுத்து ஒட்டி, பல தடவை வர்ணம் பூசினார்கள். எமது வெயிலுக்குத் தட்டைத் தகரமே நல்லது. தகரத்தைக் கூரைக்குக் குறுக்காக ஒரு தாழ்வாரத்திலிருந்து மறு தாழ்வாரம் வரை ஒரே நீளமாக இட்டு, ஓரங்களை நிமிர்த்தி அடுத்த தகரத்தோடு சேர்த்து மடியுங்கள். மடிப்பினுள் அகப்படும் சிறு தகரக் கொளுவிகளைப் பலகையில் அறைந்தால், மழைபடும் முகத்தில் ஆணித்துளையே இராது. மேலே வெள்ளை வர்ணம் பூசுங்கள். உள்ளே கட்டைகளின் அடியில் பனையோலைப் பாயை இழுத்துக் கட்டி, இரு முனைச் சுவர்களிலும் உச்சியில் காற்றுத் துளை விட்டால் வெப்பம் வெகுவாகக் குறையும்.

கோச்சியின் யன்னல் சுவருக்குள் கீழே இறங்கும். எமக்கு அது வேண்டாம். அப்பொந்துக்குள் மழைநீர் தங்கி மரம் உக்கும். மேல்விளிம்பில் பிணைச்சல் பூட்டி, வெளிப்புறம் தள்ளித் தடி கொடுக்கும் கதவே நல்லது. மழையிலும் திறந்து வைக்கலாம்.

உள்ளே எதிரெதிர் வாங்குகளும் நடுவில் மேசையும் கோச்சி தரும் மிகச் சிறந்த பாடம். 4 அடிப் பங்கில் 1 அடி வாங்கு, 2 அடி மேசை, 1 அடி வாங்கு. வாங்கின் நீளம் 2 அடி 8 அங்குலம்; இரு பிள்ளைகள் இருக்கலாம். நடுவே 2 அடி நடைவழி. மூன்று பங்குகளில் 24 பிள்ளைகள் அமர்வார்கள். வாசல் முனையில் உள்ள நான்காவது பங்கு புத்தக அலுமாரிக்கு.

8. விலக்க வேண்டியவை இரண்டு

பழைய சிலிப்பர் கட்டைகள் சில இடங்களில் விற்பனைக்கு வருகின்றன. கறுத்து எண்ணெய் மணம் வீசும் கட்டையானால் அதில் கிரியசோட் ஏறியிருக்கும். அது தோலையும் கண்ணையும் எரிக்கும், புற்றுநோய்க்கும் காரணமாகலாம். பிள்ளைகள் கைவைக்கும் இடத்தில் அதைப் பாவிக்கவோ, மிஞ்சிய துண்டை அடுப்பில் எரிக்கவோ கூடாது. அவ்வாறே பழைய அஸ்பெஸ்டோஸ் தகடுகளை அறுக்கவோ துளையிடவோ வேண்டாம். அதன் தூசு நெஞ்சுக்குள் போனால் வருவது பல ஆண்டுகளின் பின் தெரியும் நோய். இலவசமாகக் கிடைக்கின்றது என்பது பிள்ளைகளின் குடிலில் அதைச் சேர்ப்பதற்குக் காரணமாகாது.

கலந்துரையாடலுக்கு

1. எமது கிராமத்தில் மாலையில் படிக்க இடமில்லாத பிள்ளைகள் எத்தனை பேர்? வீடு வீடாகச் சென்று கணக்கெடுப்போம்.

2. அகலம் 10 அடி, உச்சி 1 அடி என்றால் ஆரை எவ்வளவு? (விடை: 13 அடி.)

3. எமது ஊரில் மரவேலை அறிந்த முதியோர் யார்? ஒன்பது மாலைப் பொழுதுகள் அவர்களிடம் கேட்டுப் பெற முடியுமா?

4. இப்போது நாம் இருக்கும் மண்டபத்தின் கூரையைப் பாருங்கள். அது பாரத்தால் நிற்கின்றதா, பொருத்துக்களால் நிற்கின்றதா? அத்திவாரத்திலிருந்து உச்சி வரை கட்டு அறுபடும் இடம் எது? மாரி தொடங்குமுன் அவ்விடத்தைச் சரிசெய்ய என்ன தேவை?